பல்கலைக்கழகத்தில் பாகுபாடு, துன்புறுத்தல், பாலியல் அத்துமீறல்: சிங்கப்பூரில் உதவி தேடுவதற்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும்போது பாகுபாட்டுக்கோ துன்புறுத்தலுக்கோ பாலியல் அத்துமீறலுக்கோ ஆளான ஒருவர் எதை முதலில் செய்வது, எதைச் சற்றுத் தள்ளிவைப்பது, யாரிடம் போகும்போது எதைக் கையில் கொண்டுபோவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மாணவர்களுக்குத் துணையாக ஆலோசனை அறைக்கும் விடுதி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போய்வந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: உதவி பெறுவதும் புகார் கொடுப்பதும் தனித்தனிக் காரியங்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. புகார் கொடுக்க மனம் துணியாதவர் உதவியையும் கேட்காமல் இருந்துவிடுகிறார். உதவியை மட்டும் நாடிப் போனவரோ, தாம் சொன்னது தம் கையை மீறிப் புகாராகிவிட்டதே என்று பிறகு திகைக்கிறார். கீழுள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்காகவே அமைந்தது.

சம்பவம் இன்றோ நேற்றோ நடந்திருந்தால் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். மாதங்களோ ஆண்டுகளோ ஆகியிருந்தால் இரண்டாம் படிக்குச் செல்லுங்கள். சிங்கப்பூரில் குற்றங்களைப் புகார் செய்வதற்குப் பொதுவாகக் காலவரம்பு கிடையாது; எனவே நாளாகிவிட்டது என்பதற்காக யாரும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

1. உடல் பாதுகாப்பும் முதல் 72 மணி நேரமும்

ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால் 999ஐ அழையுங்கள். வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். வளாகப் பாதுகாப்புப் பிரிவின் எண்ணும் உங்கள் கைபேசியில் இருக்க வேண்டும். பெரிய வளாகங்களில் காவல்துறை வாகனத்தைச் சரியான கட்டடத்துக்கு அழைத்துவருகிறவர்கள் அவர்கள்தாம்.

பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் அடுத்த 72 மணி நேரம் முக்கியம். உடலிலும் உடையிலும் உள்ள தடயங்கள் நேரம் செல்லச் செல்லக் குறையும். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை அந்த நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு விரைவில் உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பலன் தரும். சில வகைகள் 120 மணி நேரம் வரை உதவும். இங்கே அதை மருத்துவரைப் பார்க்காமல் மருந்துக்கடையில் நேரடியாக வாங்க முடியாது என்பதால், அந்த நேரக் கணக்கில் மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிக்காமலும் உடை மாற்றாமலும் போவது நல்லது. குளித்துவிட்டிருந்தாலும் போகலாம், போக வேண்டும். அன்று அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயத்தைக் கெடுத்துவிடும். காவல்துறையிடம் புகார் செய்தவர்களுக்கு, கன்டோன்மென்ட் காவல்துறை வளாகத்தில் உள்ள ‘ஒன்சேஃப்’ நிலையத்தில் தடயவியல் மருத்துவப் பரிசோதனையைத் தனிமையில் செய்துகொள்ள வழியுண்டு. மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பலர் நடுவே காத்திருக்கத் தயங்குகிறவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம்.

பலர் மறந்துவிடும் ஒன்று: எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அன்றைய தேதியில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வையோ ஒப்படைப்பையோ தவறவிட்டு, மூன்று வாரம் கழித்துக் காரணம் சொல்ல நேர்ந்தால், நடந்த சம்பவத்தை விவரிக்காமலே உங்களைக் காப்பாற்றக்கூடிய ஆவணம் அது.

2. யாரிடமும் சொல்வதற்கு முன் எழுதிவையுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிச் செல்கிறார்கள். ஒரே சம்பவத்தைத் தோழி, விடுதிப் பொறுப்பாளர், ஆலோசகர், விசாரணைக் குழு, காவல்துறை அதிகாரி என்று பலரிடம் சொல்ல வேண்டி வரலாம். ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து சொல்லும்போது நேரமும் வரிசையும் சற்று மாறும். அந்தச் சிறு மாற்றங்களைத்தான் எதிர்த்தரப்பு பிறகு பிடித்துக்கொள்ளும்.

‘அவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்’ என்று எழுதினால் அது உங்கள் முடிவு. அதிலிருந்து வேறு யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மார்ச் 12, மாலை சுமார் 6.40. ஆய்வுக்கூடத்தின் பின்னறை. நாங்கள் இருவர் மட்டும். அவர் கதவைச் சாத்தினார். “நான் கையெழுத்துப் போட்டால்தானே உனக்குப் பட்டம்” என்றார். என் வலது தோளில் கை வைத்தார். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். 6.55 போல வெளியே வந்தேன். நடைபாதையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் நின்றிருந்தார். 7.10க்குத் தோழிக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன்.’

இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் சரிபார்க்கத்தக்கவை நான்கைந்து இருக்கின்றன: கதவின் அட்டைப் பதிவு, நடைபாதைக் கேமரா, துப்புரவுப் பணியாளர், வாட்ஸ்அப் செய்தியின் நேரம். நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்றே எழுதுங்கள். இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால், அந்த ஓர் ஊகம் பொய்யாகும்போது மற்றதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

தமிழில் எழுதுவது எளிதென்றால் தமிழிலேயே எழுதுங்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்ன வாக்கியத்தை மட்டும் அதே ஆங்கிலச் சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பரிடமோ செயலியிடமோ கொடுத்து நடையைத் திருத்தி வாங்காதீர்கள். எழுதியதைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். தேதியும் நேரமும் தாமாகப் பதிவாகிவிடும். பல்கலைக்கழக மின்னஞ்சலில் வைக்க வேண்டாம். படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

3. ஆதாரங்களை அழியாமல் காப்பது

உரையாடல்களைத் திரைப்பிடிப்பு எடுக்கும்போது உங்களுக்குச் சாதகமான நான்கு வரிகளை மட்டும் எடுப்பது வழக்கமான தவறு. முன்னும் பின்னும் உள்ள செய்திகள், அனுப்பியவரின் எண் அல்லது கணக்குப் பெயர், தேதி ஆகிய எல்லாம் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் முழு உரையாடலையும் கோப்பாக ஏற்றுமதி செய்ய வசதி உண்டு. செய்துவிட்டு மூலத்தையும் கைபேசியிலேயே விட்டுவையுங்கள். செய்திகள் தாமாக மறையும் அமைப்பு இயங்குகிறதா என்று அன்றே பாருங்கள். கோபத்தில் அந்த நபரைத் தடைசெய்வதற்கும் உரையாடலை அழிப்பதற்கும் முன்னால் இவற்றை முடித்துவிட வேண்டும்.

கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தாமாக அழிக்கப்படும். ஆகவே புகாரைப் பற்றி இன்னும் முடிவெடுக்காவிட்டாலும், ‘இந்த இடத்தின் இந்த நேரத்துக் காட்சியை அழிக்காமல் வையுங்கள்’ என்று வளாகப் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். காட்சியை உங்களிடம் தரமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. அழியாமல் இருந்தால் போதும்.

குளியலறையிலோ உடை மாற்றும் இடத்திலோ கேமராவைக் கண்டால் அதை எடுக்காமல், அதில் உள்ளதைப் பார்க்காமல், பாதுகாப்புப் பிரிவையும் காவல்துறையையும் அழையுங்கள். மறைந்து படமெடுப்பது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். இரண்டாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். உங்கள் அந்தரங்கப் படத்தை ஒருவர் பரப்பினாலும், பரப்புவேன் என்று மிரட்டினாலும் அதுவும் குற்றமே. அப்படத்தை ஆதாரத்துக்கென்று நண்பர்கள் பலருக்கு அனுப்பிவிடாதீர்கள். எந்த முகவரியில், எந்தக் கணக்கில் வந்தது என்ற விவரமே முதலில் தேவை. இணையவழித் தீங்குக்கு ஆளானவர்களுக்கு ஆலோசனையும் சட்ட உதவியும் தரும் ‘ஷீகேர்ஸ்’ நிலையம் சிங்கப்பூர் மாதர் மன்றங்களின் கூட்டமைப்பில் இயங்குகிறது.

4. முதலில் யாரிடம் சொல்வது

பல்கலைக்கழகத்துக்குள் நீங்கள் பேசக்கூடியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மனநல ஆலோசகர் உங்கள் நலனுக்காக இருப்பவர், விசாரிக்க மாட்டார். பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்புப் பிரிவின் அதிகாரி வழிகாட்டுவார், துணைக்கு வருவார், விசாரணைக்கும் உங்களுக்கும் நடுவே நிற்பார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019ல் ‘விக்டிம் கேர் யூனிட்’ என்று தொடங்கி இப்போது ‘என்யுஎஸ் கேர் யூனிட்’ எனப்படுவது அத்தகைய பிரிவு. மற்றத் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் நலப் பிரிவின் வழியாக இத்தகைய உதவியை அடையலாம். மூன்றாம் வகையினர் பேராசிரியர், விடுதி மேலாளர், துறை அலுவலர் போன்றோர். இவர்கள் கேட்டதை மேலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்களாக இருக்கலாம்.

பெரும்பாலான மாணவர்கள் மூன்றாம் வகையினரிடம்தான் முதலில் போகிறார்கள், அவர்களைத்தான் தெரியும் என்பதால். அன்பான பேராசிரியரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்ன மறுநாள் ஒழுங்கு நடவடிக்கை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், அவர் துரோகம் செய்துவிட்டார் என்று தோன்றும். அவர் விதிப்படி நடந்திருப்பார்.

ஆகவே யாரிடமும் விவரத்துக்குள் போகுமுன் ஒரு கேள்வியை முன்வையுங்கள்: ‘நான் சொல்வது உங்களோடு நிற்குமா, யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டியிருக்கும்?’ ஆலோசகரின் இரகசியக் காப்புக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, கடுமையான குற்றத்தைத் தெரிவிக்கும் சட்டக் கடமை இருந்தாலோ அவரும் வெளியே சொல்ல நேரும். அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நல்ல ஆலோசகர் தயங்காமல் விளக்குவார். விளக்கும்வரை பெயரையும் இடத்தையும் சொல்லாமல் பொதுப்படையாகப் பேசலாம்.

வளாகத்துக்கு வெளியே பேச விரும்பினால் பெண்கள் உரிமை அமைப்பான ‘அவேர்’ நடத்தும் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையத்தை வார நாள்களில் 6779 0282ல் அழைக்கலாம். ஆண்களும் அங்கே உதவி கேட்கலாம். தேசிய வன்முறை எதிர்ப்பு, பாலியல் துன்புறுத்தல் உதவி எண்ணான 1800 777 0000 எந்நேரமும் இயங்கும். இரவில் தனியாக இருக்கும்போது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767ல் உடனே அழையுங்கள்; 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

5. முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

முதல் சந்திப்பிலேயே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது இடைக்கால ஏற்பாடு. விசாரணை மாதக்கணக்கில் நீளலாம். அதுவரை அதே விரிவுரைக் கூடத்திலும் அதே கேன்டீனிலும் அந்த நபரைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாமல் போகலாம்.

கேட்டுப் பெறக்கூடியவை: அந்த நபர் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாதென்ற உத்தரவு, விடுதி மாற்றம், பயிற்சி வகுப்புக் குழு மாற்றம், ஒப்படைப்புக்குக் கூடுதல் அவகாசம், ஆய்வு மேற்பார்வையாளர் மாற்றம். விடுதி மாற்றத்தைக் கேட்கும்போது, ‘யார் இடம் மாற வேண்டும்’ என்பதையும் கேளுங்கள். பாதிக்கப்பட்டவரையே வேறு அறைக்குப் போகச் சொல்வது நிர்வாகத்துக்குச் சுலபமான வழி என்பதால் அதுவே முதலில் முன்வைக்கப்படலாம். அதை நீங்கள் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

முனைவர் பட்ட மாணவர்களின் நிலை இதில் மிகக் கடினம். மேற்பார்வையாளரே தொல்லை தருகிறவர் என்றால் உதவித்தொகை, ஆய்வுத் தரவு, பரிந்துரைக் கடிதம் ஆகிய மூன்றும் அவர் கையில் இருக்கும். அவருக்குச் செய்தி எட்டுமுன், உங்கள் ஆய்வுக் குறிப்பேடுகளும் நீங்கள் எழுதிய வரைவுகளும் எந்தத் தேதியில் எந்த நிலையில் இருந்தன என்பதற்கான சான்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் எதைச் செய்தார் என்ற தகராறு எழலாம். ஆய்வுக்கூடத் தரவை அனுமதியின்றி வெளியே நகலெடுக்கவும் வேண்டாம். அது உங்கள்மீதே புகாராகத் திரும்பும்.

சந்திப்பு முடிந்த அன்றே அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: ‘இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை இவை, இந்தத் தேதிக்குள் இந்த ஏற்பாடுகளைப் பற்றித் தெரிவிப்பதாகச் சொன்னீர்கள்.’ வாய்ப்பேச்சாக நின்றவை வாரங்கள் செல்லச் செல்லக் கரைந்துபோகும்.

6. பல்கலைக்கழகப் புகார்

முறைப்படி புகார் கொடுக்க முடிவெடுத்தால், எந்த விதியின் கீழ் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். மாணவர் செய்ததற்கு மாணவர் ஒழுங்கு விதிகள். ஊழியர் செய்ததற்கு மனிதவளப் பிரிவின் நடைமுறை. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போகும். தவறான அலுவலகத்தில் கொடுத்தால் புகார் நிராகரிக்கப்படாது, ஆனால் தாள் மேசைக்கு மேசை நகர்வதில் நாள்கள் போய்விடும்.

புகாரில் இரண்டாம் படியில் எழுதிய குறிப்பை அப்படியே இணைத்து, மேலே ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள். எதிர்த்தரப்புக்கு உங்கள் வாக்குமூலத்தின் எந்தப் பகுதி காட்டப்படும், விசாரணையில் நேருக்கு நேர் அமர வேண்டியிருக்குமா, துணைக்கு ஒருவரை அழைத்துவரலாமா, இறுதி முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படுமா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் முடிவு தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த நபரை மறுபடி வளாகத்தில் கண்டபோதுதான் தண்டனைக் காலம் முடிந்தது தெரிந்ததென்றால் அந்த அதிர்ச்சி சொல்லில் அடங்காது.

தண்டனை கண்டிப்பிலிருந்து இடைநீக்கம், நீக்கம் வரை விரியும். 2019ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கடுமையான பாலியல் அத்துமீறலுக்குக் குறைந்தது ஓராண்டு இடைநீக்கம் என்ற நிலைக்கு மாறியது. எனினும் எந்தத் தண்டனை என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. அந்த நபர் திரும்பி வரும்போது உங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதை வலியுறுத்த முடியும். உங்கள் சக்தியை அதில் செலவிடுங்கள்.

7. காவல்துறைப் புகார்

பல்கலைக்கழகப் புகாரும் காவல்துறைப் புகாரும் ஒன்றை ஒன்று விலக்காது. காவல்துறை விசாரணை நடக்கும்போது பல்கலைக்கழகம் தன் விசாரணையை நிறுத்திவைக்கக்கூடும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருங்கள். அப்போதும் இடைக்கால ஏற்பாடுகள் தொடர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் நேரில் புகார் கொடுக்கலாம். பெண் அதிகாரி வேண்டுமென்றும், தனியறை வேண்டுமென்றும், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இந்த விவரங்களைச் சொல்லும்போது தாய்மொழிக்குத் தாவுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பேசக் கூச்சப்பட வேண்டாம். வாக்குமூலத்தைக் கையெழுத்திடுமுன் முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். களைப்பில் ‘சரி சரி’ என்று கையெழுத்திட்ட ஒரு வரி, பிறகு நீதிமன்றத்தில் ஒரு நாள் விளக்கத்தைக் கேட்கும். மனத்தளவில் துணை நிற்கப் பயிற்சி பெற்ற தொண்டூழியரையும் காவல்துறை ஏற்பாடு செய்யும்; அதிகாரி சொல்ல மறந்தால் நீங்களே கேளுங்கள்.

இரண்டு விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பாலியல் குற்றப் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடைசெய்கிறது. உங்கள் பெயர் செய்தித்தாளில் வராது. மறுபுறம், புகார் கொடுத்த பின் ‘வேண்டாம், திரும்பப் பெறுகிறேன்’ என்றால் வழக்கு தானாக நின்றுவிடாது. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் முடிவு. இதனால்தான் காவல் நிலையத்துக்குப் போகுமுன் நான்காம் படியில் சொன்ன யாரேனும் ஒருவரிடம் பேசிவிட்டுப் போகச் சொல்கிறேன், அவசரம் இல்லாத சம்பவமாக இருந்தால்.

ஆண் மாணவர்களுக்கு ஒரு சொல். 2020 முதல் ஆண்களுக்கு எதிரான வல்லுறவும் அதே பெயரில் சட்டத்தில் அடங்கும். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2023 சனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. புகார் கொடுத்தால் தம்மீதே வழக்கு வருமோ என்ற பழைய பயத்துக்கு இடமில்லை.

8. பின்தொடர்தல் நிற்கவில்லை என்றால்: பாதுகாப்பு உத்தரவு

பல்கலைக்கழகத்தின் தொடர்புத் தடை வளாகத்துக்குள்தான் வலுவுள்ளது. எம்ஆர்டி நிலையத்திலும் வீட்டு வாசலிலும் இன்ஸ்டகிராமிலும் தொடர்கிறவருக்கு எதிராக, துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். 2014ல் வந்த அச்சட்டத்துக்கென 2021 சூன் முதல் தனி நீதிமன்றம் இயங்குகிறது. எளிய வழக்குகளில் வழக்கறிஞர் இல்லாமல் இணையத்திலேயே விண்ணப்பிக்க வழி உண்டு.

உடனடி ஆபத்து இருந்தால் விரைவுப் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். அதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், வன்முறை அபாயம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் விசாரிப்பது நீதிமன்றத்தின் இலக்கு. உத்தரவை மீறுவது குற்றம் என்பதே இதன் பயன். விண்ணப்பத்தை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க அவருடைய முகவரி தேவைப்படும் என்பதையும், விண்ணப்பித்தது அவருக்குத் தெரியவரும் என்பதையும் முன்பே கணக்கில் கொள்ளுங்கள். கட்டணமில்லாச் சட்ட ஆலோசனைக்கு ‘புரோ போனோ எஸ்ஜி’ அமைப்பை நாடலாம். அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உதவும்.

9. இனம், மொழி, சமயம் சார்ந்த பாகுபாடு

இதில் ஒரு தனிச் சம்பவம் பெரும்பாலும் அற்பமாகத் தெரியும். குழுப்பணியில் உங்கள் பேச்சுத் தொனியைக் கேலி செய்வது, நிறத்தைப் பற்றிய நகைச்சுவை, ‘இந்தப் பகுதியை விளக்க வேறு யாராவது பேசட்டும்’ என்பது போன்றவை. தேதிவாரியாகப் பத்துப் பதிவுகள் சேர்ந்த பிறகே வடிவம் புலப்படும். எனவே முதல் நாளிலிருந்தே இரண்டாம் படியைப் பின்பற்றுங்கள்.

பாகுபாட்டை நிறுவுவதற்கு ஒப்பீடு வேண்டும். அதே சூழ்நிலையில் வேறொருவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். ‘எனக்கு அவகாசம் மறுக்கப்பட்டது’ என்பது குறை. ‘அதே வாரம் அதே காரணத்துக்காக மற்றொருவருக்கு அவகாசம் கிடைத்தது’ என்பது ஆதாரம்.

மதிப்பெண்ணில் பாகுபாடு என்று எண்ணினால் மதிப்பெண் மறுபரிசீலனைக்கான கெடுவை முதலில் பாருங்கள். அது மிகக் குறுகியது. புகார் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு கடந்துவிடும். மறுபரிசீலனைக்குத் தனியாகவும் பாகுபாட்டுக்குத் தனியாகவும் விண்ணப்பியுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பொது அமைப்புகள் நடத்தும் கல்வி நிலையங்களில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் காரணமாகக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதைப் புகாரில் மேற்கோள் காட்டலாம். ஆனாலும் நடைமுறையில் காரியம் நகர்வது தேதிகளாலும் ஒப்பீடுகளாலும்தான்.

பல்கலைக்கழகத்தில் சம்பளம் பெறும் ஊழியராகவும் இருப்பவர்கள், வேலை சார்ந்த பாகுபாட்டுக்கு ‘நியாயமான, முற்போக்கான வேலை நியமனங்களுக்கான முத்தரப்புக் கூட்டணி’ என்ற அமைப்பிடமும் போகலாம்.

10. வெளிநாட்டு மாணவர்கள் கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து படிக்கிறவர்கள் மனம் தாங்காமல் ‘ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்’ என்று படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். விடுப்பு எடுத்தால் பொதுவாக மாணவர் அனுமதி அட்டையை ஒப்படைக்க வேண்டிவரும். நாட்டில் தங்க முடியாது. விசாரணை நடுவில் இருக்கும்போது சாட்சி சொல்ல வேண்டியவரே இங்கே இல்லாமல் போவார். ஆகவே விடுப்புக்கு முன் பாடச்சுமைக் குறைப்பை, தேர்வு ஒத்திவைப்பைக் கேளுங்கள். விடுப்புதான் வழி என்றால், பராமரிப்பு அதிகாரி, அனைத்துலக மாணவர் அலுவலகம் இரண்டிடமும் பேசாமல் கையெழுத்திட வேண்டாம்.

புகார் கொடுத்ததற்காக மாணவர் அனுமதி அட்டை பறிக்கப்படும் என்று யாராவது மிரட்டினால், அந்த மிரட்டலையே தேதியிட்டுக் குறித்து, தனிப் புகாராகச் சேருங்கள்.

11. வீட்டிலும் நம்மவர் நடுவிலும்

இங்கே தமிழ் மாணவர் வட்டம் சிறியது. அந்த வட்டத்துக்குள் நடந்ததென்றால், மூத்த அண்ணனோ அக்காவோ நல்லெண்ணத்தோடு வந்து ‘வெளியே போக வேண்டாம்மா, நாமே பேசி முடிச்சிக்கலாம்’ என்பார். ஓர் அறையில் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. கேட்கப்பட்ட மன்னிப்பு எங்கும் பதிவாகாது. ‘அன்றே முடிந்த விஷயம்தானே’ என்று பிறகு உங்களுக்கு எதிராகவே திரும்பும். வருத்தம் தெரிவிக்க விரும்புகிறவர் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பெற்றோரிடம் சொல்வது உங்கள் விருப்பம். நீங்கள் வயதுவந்தவர் என்றால் யாரும் உங்களைக் கேட்காமல் அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று அதிகாரியிடம் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். சொல்வதானால், அவர்கள் பதறிக் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தபின் சொல்லுங்கள். ‘மூட்டையைக் கட்டிக்கொண்டு வா’ என்பதே பெரும்பாலும் முதல் எதிர்வினை. ‘அம்மா, நான் பத்திரமாக இருக்கிறேன், ஓர் அதிகாரி கூட இருக்கிறார், படிப்பு தொடர்கிறது’ என்று தொடங்கினால், மீதியைக் கேட்க அவர்களுக்குக் காது இருக்கும்.

சமூக ஊடகத்தில் அந்த நபரின் பெயரை வெளியிடுவதைப் பற்றி: விசாரணைக்கு முன் செய்தால் அவதூறு வழக்குக்கும், அவருடைய முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைத் துன்புறுத்தும் நோக்கில் வெளியிட்டதாகக் குற்றச்சாட்டுக்கும் நீங்கள் ஆளாகக்கூடும். நிர்வாகம் அசையாதபோது வேறு வழியில்லை என்று தோன்றுவதை நான் அறிவேன். அப்போதும் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டிய பிறகே வெளியிடுங்கள்.

12. துணைக்குப் போகிறவருக்கு

நண்பர் உங்களிடம் வந்து சொன்னால் ‘ஏன் அங்கே போனாய்’, ‘ஏன் அன்றே சொல்லவில்லை’ என்ற கேள்விகளைக் கேட்காதீர்கள். விவரம் தோண்டாதீர்கள், உங்களுக்குத் தேவையில்லாத விவரம் அது. சாப்பிட்டாரா, இன்றிரவு எங்கே தூங்குவார், நாளை எந்த வகுப்பில் அந்த நபர் இருப்பார் என்பவற்றைக் கேளுங்கள். அவர் கேட்காமல் நீங்களாகப் புகார் கொடுக்கவோ அந்த நபரைப் போய் மிரட்டவோ வேண்டாம்; பின்னது உங்கள்மீதான வழக்காகவே முடியும்.

அவர் முதலில் சொன்னது உங்களிடம் என்றால் நீங்களும் சாட்சியாக அழைக்கப்படலாம். அவர் எப்போது, எங்கே, என்ன சொற்களில் சொன்னார், அப்போது எப்படி இருந்தார் என்பதை அன்றிரவே உங்கள் சொற்களில் தனியாக எழுதிவையுங்கள். அவருடைய குறிப்பை வாங்கிப் பார்க்காதீர்கள், உங்களுடையதை அவரிடம் காட்டவும் வேண்டாம். இரண்டிலும் ஒரே வாக்கியங்கள் இருந்தால், சொல்லிக்கொடுத்து எழுதியது என்ற சந்தேகம் முதல் நாளிலேயே எழும்.